காண்டலும் காத்தலும்

மனிதன் விலங்கைத் தேடிச் சென்ற காரணங்கள் பல. முதலில் உணவிற்காகச் சென்றான். பின்னர்த் தோலுக்கும் தந்தத்திற்குமாகச் சென்றான். அதன்பின் வீரப் புகழுக்காகச் சென்று, கொன்ற விலங்கின் தலையைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்தான். ஒன்றையும் கொல்லாமல், ஒன்றையும் கொண்டுவராமல், காண்பதற்காகவே காடு புகுதல் மனித சரித்திரத்தில் நேற்றுத் தோன்றிய வழக்கமாகும். அவ்வழக்கம் இன்று உலகெங்கும் பெரியதொரு வியாபாரமாக வளர்ந்துவிட்டது. ஆகவே விலங்குகளைக் காணும் முறைகளுள் எது மேலானது என்று ஆராய்வது வீண் வேலையன்று. தென்னாப்பிரிக்காவிலும் பொட்ஸ்வானாவிலுமாகப் பரந்து கிடக்கும் கலகாரிப் பாலைநிலப் பூங்காவில், காண வருவோர் வழிகாட்டியின்றித் தாமே மோட்டார் வண்டியை ஓட்டிச் செல்லும் வழக்கம் உண்டு. அதுவே சிறந்த முறை என்பது என் துணிபு. அஃது இன்பம் தருவதோடு நில்லாமல் கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் துணை செய்வது. ஆயினும் அவ்வின்பத்தோடு ஒரு கடனும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பூங்காவின் வரலாற்றை முதலில் சுருங்கக் கூறுவேன். ஆவோப், நோசோப் என்னும் இரண்டு வறண்ட ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் அளவற்ற வேட்டை நடந்து வந்தமையால், அதனைத் தடுக்கும் பொருட்டுத் தென்னாப்பிரிக்க அரசாங்கம் 1931 ஆம் ஆண்டில் அதனைத் தேசியப் பூங்காவாக்கியது. எல்லைக்கு அப்பால், அக்காலத்தில் பெச்சுவானாலாந்து என வழங்கிய நாட்டிலும் 1938 இல் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1948 இல் இரு தரப்பாரும் அவ்விரண்டையும் சேர்த்துப் பேணுவது என வாய்மொழியாக ஒப்புக்கொண்டனர். அவ்வாய்மொழி எழுத்தேறுவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. 1999 ஏப்ரல் 7 ஆம் நாள் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 2000 மே 12 ஆம் நாள் தாபோ எம்பெக்கி, ஃபெஸ்டஸ் மொகாயி என்னும் இரு நாட்டுத் தலைவர்களும் கூடிப் பூங்காவைத் திறந்து வைத்தனர். அதன் பரப்பு ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர். நம் கேரள நாட்டின் பரப்பிற்கு ஏறக்குறையச் சமம். அதில் முக்கால் பங்கு பொட்ஸ்வானாவினுடையது. நோசோப் ஆற்றின் வறண்ட படுகையே நெடுந்தூரம் இரு நாடுகளுக்கும் எல்லை. அங்கே வேலி கிடையாது. வெள்ளை பூசிய எல்லைக் கற்கள் மட்டும் ஆங்காங்கு நிற்கும். காலையில் ஒரு நாட்டில் மேயும் மான் மாலையில் மற்றொரு நாட்டில் படுத்து உறங்கும். அதனிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பாரில்லை.

கலகாரியை மணற்கடல் என்று எண்ணுவோர் பலர். அது முற்றும் பொருந்தாது. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வளம் குன்றிய நிலையையே பாலை என்றனர் நம் முன்னோர். இலக்கணத்தில் நாம் கற்ற அந்தப் பாலையைக் கண்ணாற் காண விரும்புவோர் கலகாரிக்குச் செல்லலாம். பூங்காவின் தென்மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதுவும் ஓராண்டு பெய்து ஓராண்டு ஏமாற்றும். மழை பெய்தால் செம்மணற் குன்றுகளின்மேல் புல் தலைகாட்டும்; மஞ்சட் பூக்கள் விரியும்; மான் கூட்டங்கள் ஆற்றுப் படுகையை நிறைக்கும். மழை பொய்த்தால் எல்லாம் மறைந்து, இரும்புத் துரு ஏறிய மணல் மட்டும் செந்தழல்போல் எஞ்சும். கோடைப் பகலில் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறும். குளிர்கால இரவில் நீர் உறையும். ஆவோப் ஆறு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிது தூரம் ஓடும். நோசோப் ஓடுவதைக் காண்டல் அதனினும் அரிது. நீர் வேட்கையைக் குறிக்கும் சொல்லே அந்நிலத்தின் பெயராயிற்று என்பர். எனினும் படுகையின் அடியில் ஆழத்தே ஈரம் உண்டு. வேல மர இனத்தைச் சேர்ந்த ஒட்டகமுள் மரங்கள் அவ்வீரத்தை நோக்கித் தம் வேர்களைச் செலுத்தி, வறண்ட ஆற்றின் இரு கரையிலும் பசுமை குன்றாது நிற்கின்றன.

இத்தகைய நிலத்தில் விலங்கு காணச் செல்வோரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை இனிக் காண்போம். இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தருகே த்வீ ரிவியரன் என்னும் தங்கல் உளது. அப்பெயருக்கு இரண்டு ஆறுகள் என்பதே பொருள். அங்கிருந்து ஆவோப் படுகை வழியே மாட்டா மாட்டா என்னும் தங்கல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நோசோப் படுகை வழியே நோசோப் தங்கல் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஞாயிறு எழும் வேளையில் வாயிற்கதவு திறக்கும். அது மறையுமுன் வண்டிகள் யாவும் ஏதேனும் ஒரு தங்கலுக்குள் வந்து சேரவேண்டும். மணலிற் புதையாதிருக்கச் சக்கரங்களின் காற்றைச் சிறிது குறைத்துக்கொள்வர். குடிநீரும் பெட்ரோலும் உணவும் தாமே எடுத்துச் செல்வர். வண்டியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. குறித்த சில இடங்களிலன்றி வண்டியைவிட்டு இறங்கலாகாது. பொட்ஸ்வானாப் பகுதியின் தொலைதூர மணற்பாதைகள் சிலவற்றில் துணை வண்டியின்றிச் செல்லவே இடந்தரார். இவ்வளவே சட்டம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதனைப் பார்ப்பது என்பனவெல்லாம் செல்வோரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளன.

இச்சுதந்திரத்தில்தான் கல்வி தொடங்குகிறது. வழிகாட்டியோடு செல்பவன் பிறர் கண்ட விலங்கைக் காண்கிறான். ‘அதோ சிங்கம்’ என்று விரல் நீண்டவுடன் அவன் கண் அவ்விரலின் வழியே செல்கிறது. விரல் மடங்கியவுடன் அவன் கல்வியும் முடிகிறது. தானே வண்டி ஓட்டிச் செல்பவனுக்கு விரல் நீட்டுவாரில்லை. முதல் நாளன்று அவன் கண்ணுக்குப் பாலை வெறுமையாகத் தோன்றும். இரண்டாம் நாளில் மணலின்மேல் அடிச்சுவடுகள் தெரியத் தொடங்கும். இரவிற் சிங்கங்கள் வண்டிப்பாதை வழியே நடக்கும் இயல்புடையவை. விடியற்காலையில் அச்சுவடு புதிதா பழையதா, எத்திசை நோக்கியது, எவ்விடத்தில் பாதையை விட்டு விலகியது என்று ஓட்டுபவன் ஆராய வேண்டும். மான்கள் எல்லாம் தலைதூக்கி ஒரே திக்கை நோக்கி நின்றால் அத்திக்கில் ஏதோ உண்டு என்று ஊகிக்க வேண்டும். கழுகுகள் வட்டமிட்டு ஓரிடத்தில் இறங்கினால் அங்கே இரை கிடக்கின்றது என்று கருத வேண்டும். பார்த்தல், ஊகித்தல், சோதித்தல், தவறின் மீண்டும் பார்த்தல் என்னும் இம்முறையே நம் ஆராய்ச்சிச் சாலைகளிற் கற்பிக்கப்படும் முறை. பாலைநிலம் அதனைக் கரும்பலகையின்றிக் கற்பிக்கிறது.

அன்றியும், தானே பார்க்கக் கற்றவனுக்குச் சிறியவை எல்லாம் பெரியவையாகின்றன. ஓரிக்ஸ் என்னும் நெடுங்கொம்பு மானை எடுத்துக்கொள்வோம். உச்சிவேளையில் நிழலற்ற மணற்குன்றின்மேல் அது சிலைபோல் நிற்கும். அதன் உடல் வெப்பம் ஏறினும், மூளைக்குச் செல்லும் குருதி, மூளையின் அடியிலுள்ள நுண்குழாய் வலை ஒன்றிற் புகுந்து, மூக்கின் வழியே குளிர்ந்து திரும்பும் குருதியால் தணிந்த பின்னரே மேலே செல்கிறது. ஒட்டகமுள் மரத்தில் வைக்கோற்போர் போலத் தொங்குவது கூட்டு வாழ்க்கை நடத்தும் ஒருவகைத் தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு. நூற்றுக்கணக்கான குருவிகள் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி அறைகளில் வாழும். தலைமுறை தலைமுறையாக அதனைப் புதுக்கி வரும். குளிரிரவில் உள்ளறை வெதுவெதுப்பாகவும், வெயிலிற் குளிர்ச்சியாகவும் இருக்கும். அதிலேயே குள்ள வல்லூறு ஒன்று வாடகையின்றிக் குடியிருக்கும். கலகாரி நாகமும் முட்டை தேடி மரமேறி வரும். ஒரு மரத்தடியில் ஒரு மணிநேரம் வண்டியை நிறுத்தினால் ஒரு நகரத்தின் வாழ்க்கை முழுதும் கண்முன் நிகழும்.

கீரி இனத்தைச் சேர்ந்த மீர்க்கட் என்னும் சிறு பிராணிகள் கூட்டமாக மணலைக் கிளறி இரை தேடுகையில், ஒன்று மட்டும் மேட்டில் நிமிர்ந்து நின்று காவல் காக்கும். அவ்விடத்தில் நம்மூர்க் கரிச்சான் குருவியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கருங்குருவியும் அமர்ந்திருக்கும். பகைவர் வருகையை அது கூவி அறிவிக்கும். மீர்க்கட்டுகள் அதனை நம்பி வளைக்குள் ஓடும். சில சமயம் பகையேதும் இல்லாதபோதும் அக்குருவி பொய்க்குரல் எழுப்பும். மீர்க்கட்டின் குரலையே போலச் செய்யவும் வல்லது. அவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் கரிச்சான் அவ்விரையைக் கவர்ந்து செல்லும். பலமுறை மெய் சொல்லி நம்பிக்கை தேடி, இடையே பொய் சொல்லிப் பொருள் தேடும் இத்தந்திரத்தை ஆராய்ச்சியாளர் கலகாரியிலேயே பல்லாண்டு உடனிருந்து கண்டறிந்தனர். சிங்கத்தை மட்டும் தேடிப் பறப்பவர்க்கு இந்நாடகம் ஒருநாளும் தென்படாது.

காத்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. எதிர்பார்த்து இருத்தலும் காத்தலே. கெடாமற் பேணுதலும் காத்தலே. இவ்விரண்டும் ஒரே வேரிற் பிறந்தன என்பது தற்செயலன்று என்று எனக்குத் தோன்றுகிறது. எதன்பொருட்டு நாம் பொறுமையாக இருந்தோமோ அதனையே பேண நினைக்கிறோம். கலகாரியில் நீர்த்துறை ஒன்றின் அருகே வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பேச்சையும் அடக்கி இரண்டு மணிநேரம் இருப்பவன் முதலிற் புறாக்களைக் காண்பான். பின்னர்க் குள்ளநரியைக் காண்பான். அது புறாவின்மேற் பாய்வதைக் காண்பான். ஒன்றும் வராத நாளும் உண்டு. அந்நாளில் அவன் கற்பது, விலங்குகள் நமக்காக ஏற்படுத்தப்பட்ட காட்சிப்பொருள்கள் அல்ல என்பதே. வேதாகமத்தில் யோபுவுக்குக் கடவுள் அளித்த மறுமொழியை நம் மாணவர் படித்திருப்பர். அவன் துன்பத்திற்குக் காரணம் அங்கே விளக்கப்படவில்லை. காட்டுக் கழுதையும் தீக்கோழியும் சிங்கக்குட்டியும், மனிதனைக் கேளாமலே தத்தம் வாழ்வை நடத்துவது அவன் கண்முன் நிறுத்தப்படுகிறது. பாலையில் வெறுங்கையோடு திரும்பும் மாலைப் பொழுது அவ்வதிகாரங்களுக்கு ஒரு நல்ல விரிவுரை.

அந்நீர்த்துறைகளின் கதையும் சிந்திக்கத்தக்கது. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டபோது, அக்காலத்தில் ஜெர்மானியர் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவின்மேற் படை செலுத்த எண்ணிய தென்னாப்பிரிக்க அரசாங்கம், படைவீரருக்கு நீர் வேண்டி ஆவோப் படுகை நெடுகக் குழாய்க் கிணறுகள் தோண்டிற்று. அக்கிணறுகளைக் காக்க வைக்கப்பட்டவர் அங்கேயே குடியமர்ந்து வேட்டையாடி வாழ்ந்தனர். போர் முடிந்தது; வீரருக்கென்று எடுத்த நீர் இன்று மானுக்கும் சிங்கத்திற்கும் பயன்படுகின்றது. கொலைக்கென்று தோண்டிய கிணறு உயிர்க்குதவுவது மகிழத்தக்கதே. ஆயினும் அதனோடு ஒன்றையும் மறத்தலாகாது. முற்காலத்தில் மழையைப் பின்பற்றி நெடுந்தூரம் அலைந்த விலங்குகளை மனிதன் வைத்த நீர் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. தன்னியல்பான காட்டைக் கண்டோம் என்று நாம் பெருமை பேசும்போதும், நாம் கண்ட காட்சியில் மனிதனுடைய கை ஓரளவு கலந்தே இருக்கிறது.

கொல்லச் சென்றவர் காணக் கற்றதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. வில்லியம் காட்டன் ஆஸ்வெல் என்பார் கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்து, நோயுற்று, உடல்நலம் தேடித் தென்னாப்பிரிக்கா சென்றவர். அங்கே குரூமான் என்னும் ஊரில் ராபர்ட் மொஃபாட் என்னும் மிஷனரி, கலகாரியின் ஓரத்தில் இருந்துகொண்டு வேதாகமம் முழுவதையும் செட்ஸ்வானா மொழியிற் பெயர்த்து 1857 இல் முடித்தார். அவர் மருமகனே டேவிட் லிவிங்ஸ்டன். 1849 இல் லிவிங்ஸ்டனும் ஆஸ்வெல்லும் கூடிக் கலகாரியைக் கடந்து இங்காமி ஏரியை அடைந்தனர். ஆஸ்வெல் தம் காலத்துப் பெரிய வேட்டைக்காரர். உடன் வந்த பெருங்கூட்டத்திற்கு அவர் துப்பாக்கியே உணவளித்தது. அவரே முதுமையில், தாம் கொன்ற விலங்குகளை நினைந்து வருந்துவதாக எழுதி வைத்தார். அவ்வருத்தம் அவருடைய வீரத்தைக் குறைப்பதன்று. விலங்கை அருகிருந்து அறிந்தவனுக்கே அவ்வருத்தம் பிறக்கும். அவர் முடிவிற் சென்றடைந்த இடத்திலிருந்து நாம் தொடங்குகிறோம் என்பதே நமக்குள்ள நற்பேறு.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஆராய்தல் கடமை. முதலாவது, பயிற்சியற்றவர் கையில் வண்டியை விட்டால் விலங்குக்கும் மனிதனுக்கும் தீங்கு நேரும் என்பது. இதில் உண்மை உண்டு. சட்டம் மீறுவோர் எங்கும் உளர். ஆனால் கூலிக்கு ஓட்டுபவர் சட்டம் மீறார் என்பதும் உறுதியன்று. ஏறி வந்தவர் சிங்கம் கண்டால்தான் வெகுமதி தருவர் என்றால், அவரும் நெருங்கவே முயல்வர். 1927 இல் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்பட்ட நாள்முதல், பொதுமக்களை நம்பி வழிவிடும் வழக்கம் அந்நாட்டில் நடந்து வருகிறது. நம்பிக்கை வைக்கப்பட்ட இடத்திலேதான் பொறுப்பு வளரும். மேற்பார்வையாளர் இல்லாத அறையில் மாணவன் எவ்வாறு தேர்வு எழுதுகிறான் என்பதிலேயே அவன் குணம் வெளிப்படுகிறது. எதிரில் ஒருவருமில்லாத நாற்பது கிலோமீட்டர் மணற்பாதையில், ஐம்பது என்னும் வேக எல்லையை மதித்து ஓட்டுபவன் அத்தேர்வையே எழுதுகிறான். அந்த எல்லையும் பொருளற்றதன்று. பாதையில் வெயில் காயும் ஆமையும் பாம்பும் வேகத்திற்கே பலியாகின்றன.

இரண்டாவது, இது செல்வர்க்கே உரிய இன்பம் என்பது. வண்டியும் எரிபொருளும் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் வழிகாட்டியும் சொகுசு விடுதியும் அமர்த்திச் செல்லும் பிரயாணத்தை நோக்க, கூடாரம் அடித்துத் தாமே சமைத்து உண்டு செல்லும் இம்முறை மிகச் செலவு குறைந்தது. அந்நாட்டு ஆசிரியரும் எழுத்தரும் குடும்பத்தோடு செல்லத்தக்கது. மூன்றாவது, இம்முறையை எல்லாக் காடுகளுக்கும் பொதுவாக்கலாகுமோ என்பது. ஆகாது என்றே நானும் சொல்வேன். நெருங்கிய மரச்செறிவும் யானைக் கூட்டமும் சுற்றிலும் ஊர்களும் உள்ள நம் முதுமலை போன்ற காடுகளில், வனத்துறையார் வண்டியிற் செல்லும் கட்டுப்பாடு தக்கதே. திறந்த வெளியும் தெளிந்த பார்வையும் உள்ள பாலைக்குப் பொருந்துவது எல்லா நிலத்திற்கும் பொருந்தாது. நிலத்திற்கேற்ற ஒழுக்கம் வேண்டும் என்பது நம் திணைக் கொள்கையின் சாரமன்றோ?

நான் அஞ்சுவது வேறொன்றை. பெரிய பூங்காக்கள் சிலவற்றில், ஒருவர் சிங்கம் கண்டால் உடனே கைப்பேசியிற் செய்தி பரப்புகிறார். நாற்புறமிருந்தும் வண்டிகள் விரைந்து வந்து அதனைச் சூழ்கின்றன. நிழலிற் படுத்த விலங்கு எழுந்து போக வழியில்லை. பின்வந்தவர் முன்வந்தவரை வைகிறார். படம் எடுத்ததும் அனைவரும் அடுத்த செய்தியை நோக்கி ஓடுகின்றனர். இவர்கள் தாமே வண்டி ஓட்டினாலும் தம் கண்ணாற் பார்ப்பவரல்லர். பிறர் விரலுக்குப் பின்னே ஓடுபவரே. பழைய வேட்டைக்காரன் தலைகளை எண்ணினான். இவர் படங்களை எண்ணுகிறார். எண்ணிக்கைப் பசி இருவர்க்கும் ஒன்றே. கலகாரியின் பெரும்பகுதியில் கைப்பேசி ஒலிப்பதில்லை. அதனை ஒரு குறையாக எண்ணிச் செப்பனிட முற்படாதிருத்தல் அந்நிலத்திற்குச் செய்யும் பேருதவியாகும்.

இனிக் கடனைப் பற்றிக் கூறவேண்டும். மனிதரற்ற பாலை என்று நாம் புகழும் அந்நிலம் ஒருகாலத்தில் மனிதரற்றதாக இருந்ததில்லை. கோமானி என்னும் சான் மக்கள் அங்கே வேட்டையாடியும், சம்மா என்னும் காட்டுத் தர்ப்பூசணியின் நீரைப் பருகியும், அடிச்சுவட்டை எழுத்தைப்போற் படித்தும் வாழ்ந்தனர். பூங்கா ஏற்பட்ட பின்னர் அவர்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். விலங்கைக் காக்கும் சட்டம் அந்த மக்களை நாடோடிகளாக்கிற்று. சிதறிப்போன அவர்களுடைய நூ என்னும் மொழி இறந்துபட்டதென்றே அறிஞர் எழுதிவிட்டனர். 1990 களில் எல்சி ஃபால்போய் என்னும் மூதாட்டி அதனைப் பேசக் கேட்டபோதுதான் அம்மொழி இன்னும் உயிரோடிருப்பது வெளிப்பட்டது. கத்ரீனா எசா என்னும் மற்றொரு மூதாட்டி தம் வீட்டிலேயே சிறுவர்க்கு அதனைக் கற்பித்தார். டேவிட் க்ரைப்பர் என்னும் தலைவர் முன்னின்று 1995 இல் தொடங்கிய நில வழக்கு 1999 மார்ச் 21 ஆம் நாள் உடன்பாட்டில் முடிந்தது. பூங்காவினுள்ளேயே ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் நிலம் அம்மக்களுக்குரியதாயிற்று. அயலாரான மியர் மக்களுக்கும் பங்கு கிடைத்தது. 2017 இல் அந்நிலப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது.

இதனைக் கேட்டு நீதி நிறைவேறிவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. நிலம் திரும்பினும், அந்நிலத்தில் ஒரு தலைமுறை பெறவேண்டிய பயிற்சி இடையில் அறுந்துபோயிற்று. நாம் இரண்டாம் நாளில் மெல்ல எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் அடிச்சுவட்டு நூலை, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஓதி வந்தவர் அவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நாம் உள்ளே சென்று இயற்கையைக் கற்கிறோம் என்பது, ஆசிரியரை வாயிலில் நிறுத்திவிட்டு மாணவர் தாமே பாடம் படிப்பதை ஒக்கும். ஆகவே, தாமே ஓட்டிச் செல்வோர் தம் நாட்களுள் ஒரு நாளையேனும் சான் மக்களோடு நடந்து கற்பதற்கு ஒதுக்கவேண்டும். அம்மக்களின் கூட்டு உரிமையிலுள்ள தங்கலிற் பொருள் செலவிட வேண்டும். வழிகாட்டி வேண்டா என்று வாதித்த நான் இதனைக் கூறுவது முரண்போலத் தோன்றலாம். விலங்கைக் காட்டிக் கூலி பெறுபவர் வேறு. பார்க்கும் கலையைக் கற்பிக்கும் ஆசான் வேறு. முன்னவர் இல்லாமற் போவது நலம். பின்னவர் இல்லாமற் போவது நட்டம்.

காத்தவர்களின் கடனும் உண்டு. அப்பூங்காவின் முதற் காவலர் ஜோஹன்னஸ் லெ ரீச்சும் அவர் துணைவரும் 1934 இல், பெருமழையால் ஆறுகள் பெருகிய ஆண்டில், மலேரியாக் காய்ச்சலால் இறந்தனர். நீரின்மையால் வாடும் பாலையில் நீர் மிகுந்து உயிர் கொண்டது விதியின் விந்தை. இறந்தவரின் தம்பி ஜோசப் தற்காலிகமாக அவ்விடத்தை ஏற்றார். 1970 வரை அதிலேயே நிலைத்தார். இங்ஙனம் ஓரிடத்தில் ஆயுளைக் கழித்தோர் இல்லையேல், இன்று ஒரு வாரம் சென்று காண்பதற்கு அங்கே ஒன்றும் இராது. காவாத நாடு என்னவாகும் என்பதற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் வாழ்ந்த சிவிங்கிகள் அழிந்தொழிந்தன என்று 1952 இல் அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து, 2022 இல் நமீபியாவிலிருந்தும் 2023 இல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் அவ்வினத்தை விமானத்தில் ஏற்றி மத்தியப் பிரதேசத்துக் குனோவிற்குக் கொணர நேர்ந்தது. இழந்த செல்வத்தை அயலாரிடம் இரந்து பெறுவதினும், உள்ளதைப் பேணுவது எளிது.

நம் மாணவருட் பெரும்பாலார் கலகாரிக்குச் செல்லப் போவதில்லை. அதுபற்றி வருந்தவும் வேண்டா. அங்கே கற்பிக்கப்படுவது சிங்கத்தைப் பற்றிய செய்தி மட்டுமாயின், அதனைப் படத்திலேயே காணலாம். வேகத்தைக் குறைத்தல், வாயை அடக்குதல், சிறியதைப் புறக்கணியாமை, காண்பாரில்லாதபோதும் சட்டத்திற்கு அடங்குதல், நமக்குமுன் அவ்விடத்தில் இருந்தவரை மறவாமை என்னும் ஐந்துமே அப்பாலையின் பாடங்கள். இவற்றைக் கற்க மோட்டார் வண்டியும் வேண்டா, கடல் கடந்த பிரயாணமும் வேண்டா. கல்லூரி மைதானத்துக் கம்பியின்மேல் வாலைப் பிளந்துகொண்டு அமர்ந்திருக்கும் கரிச்சான், கலகாரிக் கரிச்சானின் உறவினனே. அதன் குரலில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஒரு மாணவன் ஓராண்டு காத்திருந்து குறித்து வருவானாயின், அடுத்த ஆண்டு இதே பக்கங்களில் அவன் எழுதுவது இக்கட்டுரையினும் பயனுடையதாகும்.